கடல் கடந்து வரும் கால்நடையும் இறைச்சியும்

1987ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் இந்திய–இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாகி, இந்திய அமைதிப்படை பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நிலைகொண்ட நாள்களில், படையினரின் உணவுத் தேவைக்காக இந்தியாவிலிருந்து உயிருள்ள ஆடுகள் கப்பலேற்றி அனுப்பப்பட்டன. அரிசியையும் பருப்பையும் போல ஆடும் ஒரு தளவாடம் என்றே அனுப்பியவர்கள் கருதியிருக்க வேண்டும். அரிசி மூட்டை கொண்டு செல்லாத ஒன்றை அந்த ஆடுகள் கொண்டு சென்றன. 1946க்குப் பிறகு நாற்பது ஆண்டுகளாக வெக்கை நோய் என்னும் மாட்டுக் கொள்ளைநோயை அறியாதிருந்த இலங்கைக்குள், வெளிப்பார்வைக்குப் பெரிய நோய்க்குறி எதுவும் காட்டாத வெள்ளாடுகளின் வழியே அந்நோய் மீண்டும் நுழைந்தது. எதிர்ப்புச் சக்தியே இல்லாத அந்நாட்டு மாடுகளும் எருமைகளும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. யுத்தம் நடந்துகொண்டிருந்த பிரதேசங்களில் கால்நடை மருத்துவர் செல்வதே அபாயமாக இருந்தபடியால், அதை ஒழிப்பதற்கு 1994 வரை பாடுபட வேண்டியதாயிற்று.

இந்தச் சம்பவத்தை அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே வைப்பதற்குக் காரணம் உண்டு. கால்நடை இறக்குமதி விதிகள் என்றவுடன், அது டெல்லியில் உள்ள காரியாலயங்களுக்கும் சென்னைத் துறைமுகத்துப் பெரு வியாபாரிகளுக்கும் உரிய விஷயம், கடலாடியிலும் சாயல்குடியிலும் வாழ்கிறவர்களுக்கு அதனால் ஆவது என்ன என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வாலிநோக்கம், மூக்கையூர், நரிப்பையூர் கரைகளிலிருந்து பார்த்தால் அயல்நாடு வெகு தூரத்தில் இல்லை. நமது இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரிகள் கோடையில் கிடை ஓட்டிக்கொண்டு தஞ்சை வயல்கள் வரை செல்கிறவர்கள். ஒரு கிடையில் பற்றிய நோய் காவிரிக் கரை சென்று சேர ஒரு பருவமே போதும். அன்று நோய் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போயிற்று; எதிர்த் திசையில் வருவதற்கும் கடல் தடை சொல்லாது. ஆகவே அரபு நாடுகளிலிருந்து ஊர் திரும்புகிறவர், கடலில் தொழில் செய்கிறவர், உயர்ந்த இன ஆடு வாங்கிப் பண்ணை வைக்க விரும்புகிறவர், உறைந்த இறைச்சி வியாபாரத்தில் இறங்க உத்தேசித்திருக்கிறவர் ஆகிய அனைவருக்கும் பொதுவாக இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

இக்கரைக்குப் பிராணிகள் கப்பலில் வந்திறங்குவது புதிய செய்தியன்று. பிற்காலப் பாண்டியர் ஆட்சியில் ஹொர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து காயலுக்குக் குதிரைகள் வந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியரான வஸ்ஸாப், ஆண்டுக்கு 1,400 குதிரைகள் தருவதென்று ஓர் அரபு வியாபாரியுடன் உடன்பாடு இருந்ததையும், நடுக்கடலில் இறந்துபோன குதிரைக்குங்கூட அரசனின் கஜானாவிலிருந்து விலை கொடுக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறார். வந்து சேர்ந்த குதிரைகளும், அவற்றைப் பேணும் முறை அறிந்தோர் இல்லாமையால், வெகு விரைவில் மாண்டுபோயின என்றும், குதிரை வைத்தியர் எவரும் இந்நாட்டுக்கு வராதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் மார்க்கோ போலோ சொல்கிறார். செத்த குதிரைக்கும் விலை கிடைக்கும் என்றால் உயிருள்ள குதிரையைக் காப்பாற்றுவதில் விற்பவனுக்கு என்ன சிரத்தை இருக்கும்? இன்றைய விதிகளோ நேர் மாறானவை. வழியில் நேரும் நஷ்டம், பரிசோதனையில் தேறாத நஷ்டம், அழிக்கும் செலவு ஆகிய எல்லாவற்றையும் இறக்குமதி செய்கிறவர் தலையிலேயே அவை சுமத்துகின்றன. கடுமையான ஏற்பாடுதான், ஆனால் நியாயமானது என்பதே நமது அபிப்பிராயம்.

இவ்விதிகளுக்கெல்லாம் தாயாக உள்ளது 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம். குதிரை, மாடு, ஒட்டகம், ஆடு ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறித்து, வேறு எந்தப் பிராணியையும் அறிவிக்கையின் மூலம் சேர்த்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசாங்கத்துக்கு அளித்த அந்தச் சிறு சட்டம், வெளிநாட்டுக் கால்நடை உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தவும், அடியோடு தடுக்கவும், வந்ததைத் தடுத்து வைக்கவும், அவசியமானால் அழிக்கவும் வழி செய்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் அது உயிருள்ள பிராணிகளை மட்டுமே கண்ணில் கொண்டிருந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான் இறைச்சி, முட்டை, பால் பொருள்கள், சினை முட்டை, கரு, விந்து, செல்லப் பிராணிகளுக்கான தீனி ஆகியவையும் 'கால்நடைப் பொருள்கள்' என்ற பெயரில் அதன் வரம்புக்குள் வந்தன.

நாடுகள் ஒன்றுகூடி இவ்விஷயத்தை ஆராயத் தொடங்கியதற்கும் ஒரு கப்பலே காரணமாயிற்று என்பதையும், அந்தக் கப்பலில் இருந்தவை இந்திய மாடுகள் என்பதையும் வாசகர் அறிந்து வைப்பது நல்லது. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற திமில் மாடுகள் இடையில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் சில நாள் தங்கியபோது, அவற்றோடு வந்த வெக்கை நோய் அந்நாட்டு மந்தைகளில் பரவிப் பெரும் பீதியை உண்டாக்கியது. அதன் விளைவாக 1924 ஜனவரி 25ஆம் நாள் பாரிஸில் 28 நாடுகள் சேர்ந்து நிறுவிய அலுவலகமே இன்றைய உலக விலங்கு நல அமைப்பு. எந்த நாட்டில் எந்த நோய் இருக்கிறது என்பதை அறிவிக்கும் பொறுப்பு அதனிடம் இருக்கிறது. எங்கிருந்து எதை அனுமதிக்கலாம் என்று நமது அரசாங்கம் முடிவு செய்வதற்கு அந்த அறிவிப்புகளே பெரும்பாலும் ஆதாரம். வெக்கை நோய் உலகை விட்டே ஒழிந்ததாக 2011இல் பிரகடனம் செய்யப்பட்டது. இந்தியாவில் அது கடைசியாகக் காணப்பட்டது 1995இல், நமது வட ஆற்காட்டுப் பகுதியில்.

இனி நடைமுறைக்கு வருவோம். இறக்குமதி செய்ய நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வெளியிடும் இறக்குமதிக் கொள்கையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு குறியீட்டெண்ணும், அதற்கெதிரே 'தடையற்றது', 'கட்டுப்பாடுடையது', 'தடை செய்யப்பட்டது' போன்ற வகைகளில் ஒன்றும் குறிக்கப்பட்டிருக்கும். மாட்டிறைச்சியும், எவ்வடிவிலேனும் மாட்டிறைச்சி கலந்த பொருளும் தடை செய்யப்பட்டவை. அதைப் பற்றி மேலே பேச இடமில்லை. மாடு, ஆடு, பன்றி போன்ற உயிருள்ள கால்நடைகள் கட்டுப்பாடுடையவை. அவற்றுக்கு அந்த இயக்குநரகத்தின் தனி அனுமதி வேண்டும். கோழி, செம்மறி, பன்றி ஆகியவற்றின் இறைச்சி, தடையற்றவை என்று எழுதியிருந்தாலுங்கூட, கீழே சொல்லப்போகும் சுகாதார அனுமதிக்கு உட்பட்டவையே. 'தடையற்றது' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு வெளிநாட்டு விற்பனையாளருக்குப் பணத்தை அனுப்பியவர்கள் பலர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

அந்தச் சுகாதார அனுமதிதான் இந்த அத்தியாயத்தின் உயிர்நிலை. அதைச் சுகாதார இறக்குமதி அனுமதி என்று சொல்லலாம். துறைமுகத்துத் தரகர்கள் அதை எஸ்.ஐ.பி. என்றே வழங்குகிறார்கள். டெல்லியில் உள்ள மத்தியக் கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை அதை வழங்குகிறது. விண்ணப்பம் இப்போது கணினி வழியே செல்கிறது. என்ன பொருள், எவ்வளவு, எந்த நாட்டில் எந்தத் தொழிற்கூடத்தில் தயாரானது, எந்த வாசல் வழியாக வரும், எதற்குப் பயன்படும் என்ற விவரங்களை ஆராய்ந்து, அந்நாட்டில் நிலவும் நோய்களால் இந்தியக் கால்நடைக்கும் மக்களுக்கும் ஏற்படக்கூடிய அபாயத்தை மதிப்பிட்டு, அதன் பிறகே அனுமதி தரப்படுகிறது. அனுமதிப் பத்திரத்தில் நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும்: ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசாங்கக் கால்நடை மருத்துவர் இன்னின்ன விஷயங்களுக்கு அத்தாட்சி தர வேண்டும், இன்னின்ன பரிசோதனைகள் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று. இது வியாபாரம் செய்ய வழங்கும் லைசென்ஸ் அன்று. இந்தியா கேட்கும் சுகாதார நிலைகள் இவை என்று அறிவிக்கும் சாசனம் மட்டுமே. லைசென்ஸ் வேண்டிய இடத்தில் அதையும் தனியே பெற வேண்டும்.

இதில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். சரக்கு அயல்நாட்டுத் துறைமுகத்தை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே இந்த அனுமதி கையில் இருக்க வேண்டும். கப்பல் வந்துகொண்டிருக்கும்போது விண்ணப்பித்து, வந்து சேரும் நாளைக்குள் எவரையாவது பார்த்து முடித்துக்கொள்ளலாம் என்பது, வேறு பல காரியங்களில் நம்மவருக்குக் கைகொடுத்த மனோபாவமாக இருக்கலாம். இங்கே அது உதவாது. அனுமதியின்றி வந்த சரக்கைத் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ சட்டம் இடம் தருகிறது. இரண்டுக்கும் ஆகும் செலவு வரவழைத்தவருடையது. உறைந்த இறைச்சி நிரம்பிய குளிர்ப்பெட்டகம் துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகையும் மின்சாரக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாசல் எது என்பதும் முக்கியமானது. விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய இடங்களில் முதலில் அமைக்கப்பட்டு, பின்னர் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் ஏற்பட்டன. நமக்குரியது சென்னை, அதன் நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகம் கடலாடிக்கு அருகில் உள்ளதே, அங்கே இறக்கினால் லாரிச் செலவு மிச்சமாகுமே என்று கணக்குப் போடுவதற்கு முன், அனுமதிப் பத்திரத்தில் குறித்த வாசலே செல்லும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இராமேஸ்வரம், மண்டபம், வாலிநோக்கம் போன்ற சிறு துறைகளைப் பற்றிச் சந்தேகத்துக்கே இடமில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலியாள்களை நிறுத்தி வைத்துப் பரிசோதித்த மண்டபம் முகாமின் பெயர் பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். மனிதருக்கு இருந்த அந்த ஏற்பாடு இக்கரையில் கால்நடைக்கு என்று எதுவும் இல்லை. ஆகவே அயல்நாட்டு ஆடோ கோழியோ இறைச்சியோ இக்கரையில் படகிலிருந்து இறங்குமானால், அது எந்த நல்ல எண்ணத்தோடு கொண்டுவரப்பட்டதாயினும், சட்டத்துக்குப் புறம்பானதே. சுங்கச் சட்டத்தின்படி பறிமுதலுக்கும் உரியதே.

உயிருள்ள பிராணிகளை வரவழைப்போர் மிகச் சிலரே ஆதலால் அதைச் சுருக்கமாகச் சொல்வோம். ஏற்றுமதி நாட்டில் ஒரு தனிமைக் காலம்; இங்கே வந்திறங்கிய பின், பொதுவாக 30 நாள், நிலையத்தின் கொட்டிலில் மறுபடியும் ஒரு தனிமைக் காலம். இந்த நாள்களில் கோமாரி, கருச்சிதைவு நோய், காசநோய், நீலநாக்கு நோய் முதலியவற்றுக்கான பரிசோதனைகள் நடக்கும். நோய் கண்டால் அந்த ஒரு பிராணி மட்டுமன்றிக் கூட வந்தவையும் இழக்கப்படலாம். நல்ல இன ஆட்டுக்கு ஆசைப்படுகிற பண்ணையாளர்களுக்கு நாம் சொல்லும் யோசனை, முழுப் பிராணியை நாடாமல், திரவ நைட்ரஜனில் உறைய வைத்த விந்துக் குச்சிகளையோ கருவையோ அரசாங்கப் பண்ணைகள் வாயிலாகப் பெற முயல வேண்டும் என்பது. அதற்கும் அனுமதி உண்டு, பரிசோதனை உண்டு. ஆனால் அபாயமும் செலவும் வெகுவாகக் குறைவு. சீமைப் பிராணி இந்த உஷ்ணத்தையும் உவர்நிலத்தையும் தாங்காது என்பது ஒரு புறமிருக்க, 2017இல் இலங்கை ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 5,000 கறவை மாடுகளை வரவழைத்து விவசாயிகளுக்குக் கொடுத்து, அவற்றுள் பல நோயுற்றும் மடிந்தும் போனதால் வாங்கியவர்கள் கடனில் ஆழ்ந்த கதை அண்மைக் காலத்தது. எல்லாப் பத்திரங்களும் இருந்தாலுங்கூடத் தீவனமும் தட்பவெப்பமும் ஒத்துவராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அது சான்று. கரிசல் காட்டில் கருவேலங்காய் தின்று வளரும் வேம்பூர் ஆட்டையும் இராமநாதபுரம் வெள்ளை ஆட்டையும் விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயினும் அது இந்த நூலின் வேறோர் அத்தியாயத்துக்குரிய வாதம்.

இறைச்சியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இதில்தான் தவறான நம்பிக்கைகள் மிகுதி. உறைய வைத்த இறைச்சியில் கிருமி செத்திருக்கும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். உண்மை அப்படியன்று. குளிர் கிருமியைக் கொல்வதில்லை. அதைப் பத்திரமாகப் பாதுகாக்கிறது. கோமாரி நோயின் நச்சுயிரியை எடுத்துக்கொள்ளுங்கள்: அறுத்த பிராணியின் தசையில் இயற்கையாக உண்டாகும் அமிலம் அந்நச்சுயிரியைத் தசைப் பகுதியில் அழித்துவிடுகிறது, ஆனால் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் நிணநீர்க் கணுக்களுக்குள்ளும் அந்த அமிலம் எட்டுவதில்லையாகையால் அங்கே அது பல வாரம் உயிர்த்திருக்கும். அனுமதிகளில் எலும்பு நீக்கிய, கணு நீக்கிய இறைச்சி என்று அவ்வளவு கண்டிப்பாக எழுதுவதன் இரகசியம் இதுவே. பன்றிகளைத் தாக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இன்னும் பொல்லாதது. உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியில் அது மாதக் கணக்கிலும், உறைந்த இறைச்சியில் ஆண்டுக் கணக்கிலும் கிடக்கும். அது மனிதரைத் தொடாது. ஆனால் பன்றிகளுக்கு அநேகமாக மரணமே. இந்தியாவில் 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்நோய், 2024இல் இலங்கையிலும் உறுதி செய்யப்பட்டது. இனி அக்கரையிலிருந்து வரும் பன்றி இறைச்சிப் பொட்டலம் ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

எச்சில் இறைச்சியும் அபாயமே. 2001இல் பிரிட்டனில் பரவிய கோமாரி, ஹெடன் என்ற வடபுலத்துச் சிற்றூரில், எச்சில் தீனி போட்டு வளர்த்த ஒரு பன்றிப் பண்ணையில் தொடங்கியது. திருட்டுத்தனமாகவோ விதி மீறியோ வந்த இறைச்சியின் மிச்சம் அந்தத் தீனியில் கலந்திருக்க வேண்டும் என்பது விசாரித்தவர்களின் முடிவு. அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பிராணிகள் கொல்லப்பட்டுத் தீயிட்டும் புதைத்தும் அழிக்கப்பட்டன. நமது கடற்கரைச் சத்திரங்களிலும் ஓட்டல்களிலும் மிஞ்சும் இறைச்சிக் கழிவைப் பன்றிக்கோ நாய்க்கோ போடுகிறவர்கள், முதலில் அதைக் கொதிக்க வேகவைத்தாவது போட வேண்டும்.

சுகாதார அனுமதியோடு வந்த இறைச்சி அடுத்துச் சந்திப்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் அதிகாரிகளை. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 2017ஆம் ஆண்டு இறக்குமதி ஒழுங்குமுறையையும் கொண்டு அவர்கள் காரியம் பார்க்கிறார்கள். இறக்குமதியாளரிடம் ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டெண்ணும், ஆணையத்தின் மத்திய உரிமமும் இருக்க வேண்டும். சரக்கு வந்திறங்கும் நாளில், அதன் மொத்த ஆயுளில் 60 விழுக்காடோ, காலாவதிக்கு முன் மூன்று மாதமோ, இவற்றில் எது குறைவோ அவ்வளவாவது மிச்சமிருக்க வேண்டும். பிற நாட்டுக் கிடங்கில் விற்காமல் கிடந்த சரக்கு மலிவு விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்குகிறவர்கள் இடறி விழும் படிக்கல் இதுதான். அதிகாரிகள் பெட்டகத்தைத் திறந்து, மைனஸ் 18 பாகையில் உறைநிலை வழிநெடுகக் குறையாமல் இருந்ததா என்று பார்த்து, மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். லேபிளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உரிம எண், அசைவக் குறி ஆகியவை விடுபட்டிருந்தால் சுங்கக் கிடங்கிலேயே ஒட்டிச் சரிசெய்ய அனுமதிப்பார்கள். காலாவதித் தேதியோ உட்பொருள் விவரமோ இல்லையென்றால் மன்னிப்பு இல்லை. ஆய்வு முடிவு பாதகமாயின், மேல்முறையீடு செய்து வேறோர் ஆய்வுக்கூடத்தில் மறுபரிசோதனை கேட்கும் உரிமை உண்டு என்பதைப் பலர் அறியார்.

தீர்வை விஷயம் அடிக்கடி மாறுவது. கோழிக்கால் போன்ற வெட்டிய துண்டுகளுக்கு நெடுங்காலமாக 100 விழுக்காடு தீர்வை இருந்து வருகிறது. ஆஸ்திரேலியச் செம்மறி இறைச்சிக்கு இருந்த 30 விழுக்காடோ, 2022 டிசம்பர் 29ஆம் நாள் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையால் அடியோடு நீங்கிவிட்டது. நமது ஆட்டு வியாபாரிகள் இதைக் கேட்டுக் கவலைப்படுவது இயற்கை. ஆனால் தீர்வை போயிற்றே தவிரச் சுகாதார அனுமதி போகவில்லை. சுகாதார விதிகளுங்கூட அரசாங்கம் தன் இஷ்டப்படி எழுதிக்கொள்ளக்கூடியவை அல்ல. பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி அமெரிக்கக் கோழிப் பொருள்களை இந்தியா தடுத்தபோது, அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி, 2015 ஜூன் மாதத்தில் இறுதித் தீர்ப்பில் வெற்றி பெற்றது. ஒரு நாட்டின் ஒரு மூலையில் நோய் கண்டால் நாடு முழுவதையும் விலக்கி வைப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் வேண்டும் என்பது அதன் சாரம். இதனால் விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. சென்ற ஆண்டு ஒருவர் வரவழைத்தார் என்பது இந்த ஆண்டு உங்களுக்கு ஆதாரமாகாது.

வளைகுடா நாடுகளிலிருந்து ஊருக்கு வரும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இறைச்சி, பால், மீன், கோழிப் பொருள்கள் சுங்க அதிகாரியிடம் அறிவிக்க வேண்டிய பண்டங்களின் பட்டியலில் உள்ளவை. உறவினருக்கு என்று அன்போடு எடுத்து வரும் உலர்ந்த இறைச்சியும், டப்பாவில் அடைத்த சாசேஜும், சூட்கேஸின் அடியில் ஒளித்து வைத்தால் சட்ட விரோதம். அறிவித்தால் பெரும்பாலும் பறிமுதலோடு தீர்ந்துவிடும். எடுத்து வராமலிருப்பதே உத்தமம். இரண்டாண்டுகள் தொடர்ந்து வெளிநாட்டில் வாழ்ந்து குடியிருப்பை மாற்றிக்கொண்டு வருகிறவர் நாய், பூனை ஆகிய செல்லப் பிராணிகளை ஒரு சமயத்தில் இரண்டு வரை கொண்டுவர இடமுண்டு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அத்தாட்சியும், அந்நாட்டு அரசாங்கக் கால்நடை மருத்துவரின் சுகாதாரச் சான்றும் வேண்டும். தனிமைப்படுத்தல் நிலையத்திடமிருந்து ஆட்சேபணையின்மைக் கடிதத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே பெற்றுவிட வேண்டும்.

கடல் தொழிலாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நடுக்கடலில் பிற நாட்டுப் படகு எதுவும் கொடுக்கும் இறைச்சியையோ, கோழி, புறா போன்றவற்றையோ ஏற்றிக்கொள்ளாதீர்கள். கரையொதுங்கிய பிராணியின் உடலையோ அடையாளம் தெரியாத இறைச்சிப் பெட்டியையோ கண்டால் தொடாமலும், நாய்கள் இழுத்துச் செல்லாதபடியும் பார்த்துக்கொண்டு, கடலோரக் காவல் நிலையத்துக்கும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கும் தகவல் தெரிவியுங்கள். வெயிலில் உலர்ந்துபோன உடலாயினும் அடைப்பான் நோயின் வித்துகள் அதில் பல்லாண்டு கிடக்கக்கூடும்; அறுத்துப் பார்க்கும் ஆவல் வேண்டாம்.

வெளிநாட்டை விடுங்கள், வெளிமாநிலத்து ஆடும் மாடும் அபாயம் கொண்டுவரக்கூடியவையே. 2009ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், நோய்ப் பகுதியிலிருந்து பிராணிகளை ஓட்டி வருவதைத் தடுக்கவும், சந்தைகளை மூடவும் அதிகாரம் தருகிறது. நோய் கண்டவர் அறிவிப்பதையும் கடமையாக்குகிறது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதல் அறியப்பட்டது வேறெங்கோ தூரப் பிரதேசத்தில் அன்று. 1987இல், விழுப்புரத்துக்கு அருகே அரசூரில். இலங்கையில் வெக்கை நோய் நுழைந்த அதே ஆண்டு அது. சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே கிடையில் அவிழ்த்துவிடாமல், மூன்று வாரமேனும் தனிப் பட்டியில் அடைத்து, தனித் தண்ணீர்த் தொட்டி வைத்து, அதைக் கவனிப்பவர் கிடைக்குள் போகாதபடி ஏற்பாடு செய்து, தடுப்பூசியும் போட்டுவிட்டால், டெல்லியின் முப்பது நாள் விதியில் உள்ள பயன் பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கிடைத்துவிடும். ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய தடுப்பு மருந்துகளைத் தயாரித்து வருகிறது. கால்நடை மருந்தகங்களில் விசாரித்துக்கொள்ளலாம். நோயுற்ற பிராணியை ஓட்டிச் செல்ல முடியாதவர்கள் 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும்.

இறக்குமதி வியாபாரத்தில் இறங்க உறுதி கொண்டவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு விற்பனையாளர் அனுப்பும் அழகிய விலைப்பட்டியலும், தரகர் தரும் வாக்குறுதியும் கைக்கு வந்தவுடன் வங்கிக்கு ஓடாதீர்கள். பொருளின் குறியீட்டெண்ணைப் பாருங்கள். பள்ளிக்கரணை நிலையத்தில் நேரில் விசாரியுங்கள். சுகாதார இறக்குமதி அனுமதி உங்கள் பெயரில், அந்தப் பொருளுக்கு, அந்த நாட்டிலிருந்து, அந்த வாசலுக்கு வழங்கப்பட்டு, அதன் எண் உங்கள் கையில் வரும்வரை முன்பணமாக ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.